சுவர் முழுக்க ஆணி

சீனியர் விட்டுப்போன பழைய புராஜெக்ட் ஒன்றை, புத்தம்புது பைத்தான் 3.12 போட்டு ஓட்டிப் பார்க்க உட்காரும் மாணவருக்கு ஒரு அனுபவம் காத்திருக்கிறது. கட்டளையைத் தட்டி என்டர் அடித்ததும் திரை நிறைய எழுத்துகள் ஓடும். கடைசி வரியில், 'டிஸ்ட்யூடில்ஸ்' என்ற பெயரில் மாட்யூல் எதுவும் இல்லை என்று நின்றுவிடும். அவர் எழுதிய நிரலில் அந்தப் பெயரே இருக்காது. சீனியர் எழுதியதிலும் இருக்காது. யாரோ எங்கோ எழுதிய, அவர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு லைப்ரரிக்குள் அது ஒளிந்திருக்கும்.

"பைத்தானை எவனோ கெடுத்துட்டான்" என்றுதான் முதலில் தோன்றும். யாரும் கெடுக்கவில்லை. 2000-ல் பைத்தானோடு சேர்ந்து வர ஆரம்பித்த ஒரு கருவியை, 2023 அக்டோபரில் வெளியான 3.12-ல் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' நடந்து முடிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மூன்று பெரிய முயற்சிகள் வெவ்வேறு விதமாக முட்டி நின்றன. ஒரு சின்னக் கருவியைச் சீர்திருத்த ஏன் இவ்வளவு பாடு? கதை கொஞ்சம் நீளம். மென்பொருள் எழுதும், எழுதப்போகும் எல்லோருக்கும் தேவைப்படும் கதை.

பொட்டலம் கட்டும் வேலை

நிரல் எழுதுவது ஒரு வேலை. எழுதிய நிரலை அடுத்தவர் பொட்டியில் ஓடவைப்பது முற்றிலும் வேறு வேலை. வெறும் பைத்தான் கோப்புகள் என்றால் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம். நடுவில் சி மொழியில் எழுதிய பகுதி இருந்தால் அதைக் கம்பைல் செய்ய வேண்டும். எந்தக் கம்பைலர், பைத்தானின் ஹெட்டர் கோப்புகள் எங்கே இருக்கின்றன, முடிவில் வரும் கோப்புக்கு லினக்ஸில் என்ன பெயர், விண்டோஸில் என்ன பெயர், எந்த டைரக்டரியில் போட வேண்டும்... இத்யாதி இத்யாதி.

90களில் இதற்கெல்லாம் ஒரே வழி என்று எதுவும் கிடையாது. யூனிக்ஸ்காரர்கள் மேக்ஃபைல் எழுதிக் கொடுத்தார்கள். விண்டோஸ்காரர்கள் விஷுவல் சி-யைத் திறந்து தாங்களாகவே மல்லுக்கட்டினார்கள். பெர்ல் மொழிக்காரர்களிடம் அப்போதே மேக்மேக்கர் என்ற கருவி இருந்தது. பைத்தானில் அப்படி ஒன்று இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க கிரெக் வார்ட் முன்னின்று உருவாக்கியதுதான் டிஸ்ட்யூடில்ஸ். 1998 கடைசியில் அதற்கென ஒரு குழு தொடங்கியது. 2000-ல் வந்த பைத்தான் 1.6, 2.0 பதிப்புகளில் கருவி மொழியோடேயே சேர்ந்து வந்தது. பயன்படுத்துவது ரொம்பச் சுலபம். செட்டப்.பை என்று ஒரு கோப்பு. அதில் செட்டப் என்ற ஒரு ஃபங்க்ஷனைக் கூப்பிட்டு, பெயர் இது, பதிப்பு எண் இது, மாட்யூல்கள் இவை என்று சொல்லிவிட்டால் போதும். 'பைத்தான் செட்டப்.பை இன்ஸ்டால்' என்று தட்டினால் வேலை முடிந்தது. மேக் வேண்டாம், ஷெல் வேண்டாம். பைத்தான் இருக்கும் இடத்தில் எல்லாம் ஓடும்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. செட்டப்.பை என்பது விவரங்கள் எழுதிய தாள் கிடையாது. அதுவே ஒரு முழு நிரல். அதற்குள் இஃப் போடலாம், லூப் போடலாம், வேறு லைப்ரரிகளை இம்போர்ட் செய்யலாம். டிஸ்ட்யூடில்ஸின் உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிளாஸ் இருந்தது. கட்டுவதற்கு ஒன்று, சி பகுதியைக் கம்பைல் செய்ய ஒன்று, சோர்ஸைப் பொட்டலம் போட ஒன்று, நிறுவ ஒன்று. பிடிக்காத கிளாஸை நீட்டி, மாற்றி, தன் வசதிக்கு வளைத்துக்கொள்ளலாம்.

2000-ல் இது பெரிய வரப்பிரசாதம். யாருக்கு என்ன தேவைப்படும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது, எனவே கதவை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். பின்னால் வந்த தொல்லைகளில் பாதிக்கு அந்தத் திறந்த கதவுதான் காரணம். ஆனால் அது இல்லாவிட்டால் கருவியை யாரும் சீந்தியிருக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மை.

முதல் ஆணி

டிஸ்ட்யூடில்ஸில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. ஒன்று, சார்பு பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 'என் லைப்ரரி ஓட இன்னொரு லைப்ரரி வேண்டும்' என்று சொன்னால், போய் எடுத்து வரும் வேலையை அது செய்யாது. இரண்டு, போடத் தெரியும், எடுக்கத் தெரியாது. நிறுவியதை நீக்க ஒரு கட்டளையும் கிடையாது.

2004-ல் ஃபிலிப் ஜே. ஈபி செட்டப்டூல்ஸைக் கொண்டுவந்தார். சார்பு பார்த்து வேண்டியதை இறக்கிக்கொள்ளும் வசதி, எக் என்ற பொதி வடிவம், ஈஸி இன்ஸ்டால் என்ற கட்டளை எல்லாம் அதனோடு வந்தன. ஜனங்கள் ஆவலாகப் பிடித்துக்கொண்டார்கள். ஜாங்கோ, ஸோப் என்று வலை உலகம் சூடு பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நாலு லைப்ரரியைக் கையால் இறக்கிக் கையால் போடும் பொறுமை யாருக்கும் இல்லை.

ஆனால் செட்டப்டூல்ஸ் தனிக் கட்டடம் இல்லை, டிஸ்ட்யூடில்ஸின் மேல் எழுப்பிய மாடி. மாடி என்றால்கூடப் பரவாயில்லை. கீழ் வீட்டுக்குள் இறங்கி அங்கிருந்த சாமான்களையும் மாற்றி வைத்தது. செட்டப்டூல்ஸை இம்போர்ட் செய்த அந்தக் கணத்தில், டிஸ்ட்யூடில்ஸுக்குள் இருக்கும் முக்கியமான கிளாஸ்களின் இடத்தில் தன்னுடைய கிளாஸ்களை வைத்துவிடும். இதற்கு மங்கி பேட்சிங் என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் உள்ளே புகுந்து, சொல்லாமல் கொள்ளாமல் பாகத்தை மாற்றும் வித்தை. எதை முதலில் இம்போர்ட் செய்தோம் என்பதைப் பொறுத்துக்கூட நடத்தை மாறும் நிலை.

இதற்காக ஈபியைத் திட்டுவது நியாயம் இல்லை. அப்போதெல்லாம் பைத்தான் ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப் பதிப்பு விடும். உள்ளே இருக்கும் டிஸ்ட்யூடில்ஸைத் திருத்தி, அது வெளிவந்து, எல்லோரும் புதுப் பதிப்புக்கு மாறி முடிய நாலைந்து வருடம் ஆகும். ஆத்திரத்துக்கு வேலை ஆக வேண்டியவர்களுக்கு இருந்த வழி இதுதான்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வீட்டுக்காரரிடம் அலமாரி கேட்டால் எப்போது வரும் என்று தெரியாது. காலண்டர் மாட்ட, கண்ணாடி மாட்ட, கொடிக்கயிறு கட்ட ஆளாளுக்கு ஓர் ஆணி அடித்துக்கொள்வார்கள். ஒவ்வோர் ஆணிக்கும் நியாயம் உண்டு. பத்து வருடம் கழித்து வீட்டுக்காரர் சுவரைப் பூச வரும்போதுதான் தெரியும், எந்த ஆணியில் எது தொங்குகிறது என்று அவருக்கே கணக்கு இல்லை என்பது.

பூச வந்தபோது

மார்ட்டின் ஃபவுலர் 1999-ல் ரீஃபேக்டரிங் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன்படி ரீஃபேக்டரிங் என்றால், வெளியில் தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளே அமைப்பை மட்டும் சீராக்குவது. கேட்க எளிமையாக இருக்கிறது. வில்லங்கம் எல்லாம் 'வெளியில் தெரியும்' என்ற இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. எது வெளி, எது உள்? கருவி எழுதியவர் போட்ட கோடு ஒன்று. பயன்படுத்துபவர் எட்டிப் பிடித்த இடம் இன்னொன்று.

2008, 2009 வாக்கில் டிஸ்ட்யூடில்ஸைச் சீர்திருத்தும் பொறுப்பை டாரெக் ஸியாடே எடுத்துக்கொண்டார். பழைய, டெஸ்ட் குறைவான, பல கை பட்ட நிரல். பூச்சி நீக்குவது, டெஸ்ட் எழுதுவது, சிக்கலான பகுதிகளைப் பிரித்து ஒழுங்குபடுத்துவது என்று வேலை ஆரம்பித்தது. எல்லாம் முறையான வேலை.

2009 அக்டோபரில் பைத்தான் 2.6.3 வெளியானது. பெரிய மாற்றங்கள் இல்லாத, பூச்சி நீக்கம் மட்டுமே கொண்ட சாதாரணப் பதிப்பு. அதில் சி பகுதிகளைக் கம்பைல் செய்யும் கிளாஸில் ஒரு சின்னத் திருத்தமும் இருந்தது. டிஸ்ட்யூடில்ஸை மட்டும் வைத்துப் பார்த்தால் தப்பே இல்லாத திருத்தம். ஆனால் செட்டப்டூல்ஸ் அந்தக் கிளாஸை நீட்டி, அதன் உள்வேலை இப்படித்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. விளைவு, செட்டப்டூல்ஸ் கொண்டு சி பகுதிகளைக் கட்டியவர்களுக்கு அடி விழுந்தது. அதே மாதத்தில் 2.6.4 வெளியிட்டுச் சரிசெய்தார்கள். ஓர் ஆணியைத் தொட்டதற்கே இந்தப் பாடு :-(

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் விடை கிடையாது. உள்ளே இருப்பதை நம்பி எழுதியது தப்பு என்று ஒருவர் சொல்லலாம். இத்தனை பேர் பயன்படுத்துவது தெரிந்தும் மாற்றியது தப்பு என்று மற்றவர் சொல்லலாம். இரண்டும் சரிதான். நடுவில் மாட்டிக்கொண்டவர் இந்த இரண்டு பேரையும் தெரியாத, வெறுமனே ஒரு லைப்ரரியைப் போட முயன்ற யாரோ ஒருவர்.

கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு. பயன்படுத்துவோர் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் என்ன வாக்குறுதி கொடுத்தீர்கள் என்பது முக்கியமில்லை, கருவியின் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் சாரம். டிஸ்ட்யூடில்ஸ் அந்த விதிக்கு அச்சு அசலான உதாரணம்.

முடிவில் 2010-ல் ஒரு கசப்பான தீர்மானம் எடுக்கப்பட்டது. வளர்ந்துகொண்டிருந்த 3.2 பதிப்பில் டிஸ்ட்யூடில்ஸைப் பழைய 3.1-ல் இருந்த நிலைக்கே திருப்பி வைத்தார்கள். இனி அதில் புது வசதி எதுவும் கிடையாது, பூச்சி நீக்கம் மட்டும்தான் என்று உறையவைத்தார்கள். அந்தச் சீர்திருத்தத்தில் தப்பிப் பிழைத்து இன்றும் இருப்பது சிஸ்கான்ஃபிக் என்ற மாட்யூல். பைத்தான் எங்கே எப்படி நிறுவப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பகுதியை டிஸ்ட்யூடில்ஸின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்துத் தனி மாட்யூலாக வைத்தார்கள். அதைத் தனியாகப் பிரித்தபோது யாருடைய ஆணியும் விழவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நகல் வீடு, புது வீடு

உள்ளேயே இருந்து திருத்துவது ஒரு வழி. அதோடு சேர்ந்து இன்னும் இரண்டு வழிகளும் ஓடின.

செட்டப்டூல்ஸின் புதுப் பதிப்புகள் வருவது மெதுவாகிப்போயிருந்தது. பைத்தான் 3 வந்துவிட்டது, அதில் செட்டப்டூல்ஸ் ஓடவில்லை. ஆகவே ஸியாடேயும் சிலரும் செட்டப்டூல்ஸைக் கிளை பிரித்து டிஸ்ட்ரிப்யூட் என்ற பெயரில் நடத்தினார்கள். பைத்தான் 3-லும் அது ஓடியது. ஆனால் பழைய நிரல்கள் எல்லாம் 'செட்டப்டூல்ஸ்' என்ற பெயரைத்தான் இம்போர்ட் செய்யும். அதனால் டிஸ்ட்ரிப்யூட்டும் அதே பெயரில் வேஷம் போட்டு உட்கார வேண்டியிருந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வீட்டில்! எந்தப் பொட்டியில் எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனிக் கலை ஆனது. 2013-ல் இரண்டும் மறுபடி ஒன்றாகி, செட்டப்டூல்ஸ் 0.7 என்று வெளிவந்தபோது பலரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவது. 2010-ல் தொடங்கிய டிஸ்ட்யூடில்ஸ்2 அதுதான். செட்டப்.பை என்ற நிரலே வேண்டாம், விவரங்களை ஓடாத ஒரு கோப்பில் எழுதுவோம், நிறுவியதைப் பதிவு செய்வோம், நீக்கவும் வழி வைப்போம் என்று சரியான யோசனைகள் அதில் நிறைய இருந்தன. 2011-ல் 'பேக்கேஜிங்' என்ற பெயரில் பைத்தான் 3.3-க்கான கிளையில் சேர்த்தும்விட்டார்கள். 2012-ல், 3.3 வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு எடுத்துவிட்டார்கள். வேலை முடியவில்லை, முடிக்கப் போதுமான ஆள்பலமும் இல்லை. எல்லாம் சொந்த நேரத்தில் வந்து உழைப்பவர்கள்.

யோசித்தால் ஒன்று தெரியும். டிஸ்ட்யூடில்ஸ்2-ன் யோசனைகளில் பெரும்பாலானவை பின்னால் வேறு உருவத்தில் ஜெயித்தன. தோற்றது அதன் வடிவம். கட்டுவது, நிறுவுவது, விவரம் எழுதுவது, பதிவு வைப்பது எல்லாம் சேர்ந்து ஒரே கருவி, அதுவும் மொழியோடு சேர்ந்து ஒரே நாளில் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டதால், ஒன்று தயாராகாவிட்டாலும் எல்லாமே நின்றது. குடித்தனக்காரர்களுக்கோ, முடியாத புது வீட்டுக்கு மாற எந்த அவசரமும் இல்லை. பழைய வீட்டில்தான் அவர்கள் ஆணி எல்லாம் இருக்கிறதே.

கோழியா, முட்டையா?

இதற்கு நடுவில் அறிவியல் கணக்குப் போடுபவர்களின் பாடு தனி. சைபை போன்ற லைப்ரரிகளில் சி மட்டும் இல்லை, ஃபோர்ட்ரானும் இருந்தது. டிஸ்ட்யூடில்ஸுக்கு ஃபோர்ட்ரான் தெரியாது. எனவே நம்பை தனக்குள்ளேயே டிஸ்ட்யூடில்ஸை நீட்டி ஒரு சொந்தப் பதிப்பு வைத்துக்கொண்டது. ஆணி என்ன, அவர்கள் சுவரையே நீட்டிக் கட்டியிருந்தார்கள்.

அதை நம்பி வந்த சின்ன லைப்ரரிகளுக்கு ஒரு வேடிக்கையான முட்டுக்கட்டை. நம்பையின் ஹெட்டர் கோப்புகள் எங்கே என்று தெரிந்தால்தான் அவை கம்பைல் ஆகும். அதைக் கேட்க, செட்டப்.பை-யின் தலையிலேயே நம்பையை இம்போர்ட் செய்வார்கள். 'இந்த லைப்ரரிக்கு நம்பை வேண்டும்' என்ற தகவலும் அதே செட்டப்.பை-க்குள்தான் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமானால் கோப்பை ஓட்ட வேண்டும். ஓட்டினால் முதல் வரியிலேயே, நம்பை இல்லை என்று நின்றுவிடும். என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே, வேண்டியது முன்கூட்டியே இருக்க வேண்டும்!

2008-ல் இயன் பிக்கிங் தொடங்கிய பிப் என்ற நிறுவும் கருவி அதற்குள் பெரிதாகப் பரவியிருந்தது. இந்த இடத்தில் பிப்பாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. விவரம் நிரலுக்குள் பூட்டியிருக்கும்வரை, நிரலை ஓட்டாமல் எவராலும் அதைப் படிக்க முடியாது.

சுவரை விட்டார்கள், ஜன்னல் வைத்தார்கள்

தீர்வு வந்தது, ஆனால் வேறு திசையிலிருந்து. சிஸ்கான்ஃபிக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். யாருடைய நிரலையும் திருத்தாமல், ஒவ்வொரு எல்லையாகப் பிரித்து எழுதிவைத்தார்கள்.

முதல் எல்லை வீல். டேனியல் ஹோல்த் எழுதிய பெப் 427 என்ற முன்மொழிவு 2013-ல் ஏற்கப்பட்டது. கட்டி முடித்த பொதி எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதில் பேச்சு. உள்ளே அது ஒரு ஸிப் கோப்பு. பெயரில் எந்தப் பைத்தான், எந்தத் தளம் என்ற குறிப்பு இருக்கும். நிறுவுவது என்பது கிட்டத்தட்ட பிரித்து உரிய இடத்தில் வைப்பதுதான். கட்டுகிற இடமும் நிறுவுகிற இடமும் அங்கே பிரிந்தன. கம்பைலரே இல்லாத மாணவரின் லேப்டாப்பில் நம்பை அரை நிமிடத்தில் உட்காருவது இதனால்தான்.

இரண்டாவது எல்லை, 2016-ல் ஏற்கப்பட்ட பெப் 518. 'கட்டுவதற்கு என்னென்ன வேண்டும்' என்ற பட்டியலை மட்டும் நிரலிலிருந்து வெளியே எடுத்து, பைபுராஜெக்ட்.டாம்ல் என்ற சாதாரணக் கோப்பில் வைத்தது. ஓட்டாமலேயே படிக்கலாம். கோழி முட்டைப் பிரச்னை அத்தோடு தீர்ந்தது.

மூன்றாவதுதான் முத்தாய்ப்பு. நத்தானியல் ஸ்மித்தும் தாமஸ் க்ளைவரும் எழுதிய பெப் 517, 2015-ல் முன்வைக்கப்பட்டு 2017-ல் தற்காலிகமாக ஏற்கப்பட்டது. நிறுவும் கருவிக்கும் கட்டும் கருவிக்கும் நடுவே ஒரு ஜன்னல் வைத்தது அது. ஜன்னல் வழியே கட்டாயம் கேட்கப்படுவது இரண்டே இரண்டு: 'வீல் கட்டிக் கொடு', 'சோர்ஸ் பொட்டலம் கட்டிக் கொடு'. உள்ளே எந்தக் கருவியை வைத்து, எப்படிக் கட்டுகிறாய் என்பது உன் பாடு. எட்டிப் பார்க்க மாட்டோம்.

இதில் மிக முக்கியமான விஷயம், பழையவர்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. பைபுராஜெக்ட்.டாம்ல் இல்லாத புராஜெக்ட் என்றால், செட்டப்டூல்ஸ்தான் என்று எடுத்துக்கொண்டு பழையபடி நடக்கும். மாற வேண்டியவர் மாறலாம், மாறாதவருக்கு மறுநாள் காலையும் அதேபோல்தான் விடியும். 2019 தொடக்கத்தில் வந்த பிப் 19.0-ல் இந்த ஜன்னல் திறந்தது.

பழைய வீட்டை இடிக்கும் நேரம்

ஜன்னல் வந்த பிறகுதான் இடிப்பதைப் பற்றியே பேச முடிந்தது. டிஸ்ட்யூடில்ஸை மொழியிலிருந்து நீக்கும் பெப் 632-ஐ ஸ்டீவ் டவர் 2020-ல் எழுதினார். 2021-ல் வந்த 3.10 முதல் எச்சரிக்கை, 3.12-ல் நீக்கம்.

அப்போதும் ஆணிகள் சும்மா விடவில்லை. செட்டப்டூல்ஸ் 2020 ஜூலையில் டிஸ்ட்யூடில்ஸின் நகல் ஒன்றைத் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. ஆகஸ்ட் கடைசியில் அதை இயல்பாகப் பயன்படுத்தத் தொடங்கியதும் டெபியன், உபுண்டு பக்கம் கூக்குரல். டெபியன்காரர்கள் தங்கள் பைத்தானுக்குள் இருந்த டிஸ்ட்யூடில்ஸைத் திருத்தி, கோப்புகள் தங்களுக்கென்ற தனி டைரக்டரிக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். செட்டப்டூல்ஸின் நகலுக்கு அது தெரியாது. சில நாள்களிலேயே மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2021 டிசம்பரில் வந்த 60-ஆம் பதிப்பில்தான் அதை மறுபடி இயல்பாக்க முடிந்தது. ஒரு நகலை உள்ளே வைக்கவே ஒன்றரை வருடம்!

ஜன்னல் நிஜமாகவே வேலை செய்கிறதா என்பதற்கு உரைகல் நம்பைதான். சுவரையே நீட்டிக் கட்டியவர்கள் ஆயிற்றே. முதலில் சைபை, 2022 ஜூலையில் வந்த 1.9.0 பதிப்பில், மெசான் என்ற வேறு கட்டும் கருவிக்கு மாறியது. மெசான் பைத்தானுக்காகப் பிறந்ததே இல்லை, பொதுவான கருவி. பிறகு நம்பை, 1.26.0 பதிப்பில் அதே வழியில் போனது. அது வெளியானது 2023 செப்டம்பர் நடுவில். டிஸ்ட்யூடில்ஸ் இல்லாத பைத்தான் 3.12 வந்தது அக்டோபர் 2-ஆம் தேதி. நடுவில் இரண்டே வாரம்.

அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் மாணவர்கள் தட்டிய கட்டளை ஒன்றேதான். பிப் இன்ஸ்டால் நம்பை. உள்ளே சமையல்கட்டையே மாற்றிவிட்டார்கள், பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியவில்லை. 2009-ல் ஒரு கிளாஸில் சின்னத் திருத்தம் செய்தபோது ஒடிந்து விழுந்த அதே உலகம்தான் இது.

எல்லாம் சுபமா?

இல்லை. ஜன்னல் திறந்ததும் உள்ளே நிற்க ஆள் கூடிவிட்டது. ஃப்ளிட், பொயட்ரி, ஹேட்ச், பிடிஎம் என்று வரிசையாகக் கருவிகள். புதிதாக வருபவர் 'எதைப் பயன்படுத்துவது?' என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். முன்பு ஒரே மோசமான வழி இருந்தது, இப்போது பல நல்ல வழிகள் இருக்கின்றன, தேர்ந்தெடுப்பதே வேலையாக இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. பராமரிக்க ஆள் இல்லாத சின்னச் சின்ன லைப்ரரிகள். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார், படிப்பை முடித்துப் போயிருப்பார். அந்த நிரலில் தப்பே இருக்காது. அது நம்பிய சுவர் மட்டும் இப்போது அங்கே இல்லை. இப்படி நின்றுபோனவை எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. ஜன்னல் வைத்ததன் லாபத்தோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. முதல் மூன்று முயற்சிகளில் உழைத்தவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை, அவர்களின் யோசனைகள்தான் பின்னால் ஜெயித்தன. அவர்கள் முயன்றது உள்ளே இருப்பதை நன்றாக்க. பின்னால் வந்தவர்கள் உள்ளே இருப்பதைத் தொடவில்லை. எது உள், எது வெளி என்ற கோட்டை முதலில் போட்டார்கள். கோடு போட்ட பிறகு உள்ளே செய்த சீர்திருத்தம் யாருக்கும் வலிக்கவில்லை.

கல்லூரி புராஜெக்டுக்கு இருபது வரியில் ஒரு பில்டு ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கும் இது பொருந்தும். அடுத்த வாரம் நண்பன் அதை எடுத்து, உள்ளே இருக்கும் ஒரு வேரியபிளைத் தன் ஸ்கிரிப்டிலிருந்து தொடுவான். அந்த நிமிடம் அந்த வேரியபிள் வெளியே வந்துவிட்டது, எழுதியவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். முதல் ஆணி அடிக்கும்போதே 'அங்கே வேண்டாம், இதோ இந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்' என்று சொல்ல ஒரு கொக்கி வைத்திருப்பது நல்லது.

சரி, முதலில் பார்த்த மாணவர் இன்னும் திரை முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வைத்தியம் ஒரே வரி: பிப் இன்ஸ்டால் செட்டப்டூல்ஸ். பைத்தான் 3.12 முதல், புதிதாக உருவாக்கும் வர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை. அதைப் போட்டுவிட்டால், தன் வீட்டுக்குள் வைத்திருக்கும் நகலை டிஸ்ட்யூடில்ஸ் என்ற பழைய பெயரிலேயே அது எடுத்து நீட்டும். பெரும்பாலும் அந்தப் பழைய லைப்ரரிக்கு வித்தியாசமே தெரியாது.

வீட்டை இடித்த பிறகும், அந்த ஒரு சுவரை மட்டும் ஆணியோடு பெயர்த்து எடுத்து யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள் :-)